தகரத் தட்டும் ரேடியோ விசிலும்

மேகமலை ஏலக்காய் ஸ்டோரில் இருபத்திரண்டு வருசம் ராக்காவல் பார்த்து, ஒரு நாள்கூடக் கண்ணசராத மனுசன் என்று சுருளியாண்டிக்குப் பேர். சும்மா வந்த பேர் இல்லை அது. பதினெட்டு வயதில் கோம்பையை விட்டுச் சின்னமனூர் வந்து, கல்லும் அட்டையுமாகக் கிடந்த பாதையில் காலெல்லாம் ரத்தமாக மலையேறியவர். முதல் வருசம் காடு வெட்டினார். இரண்டாம் வருசம் ஸ்டோர்க் காவலுக்கு ஆள் வேண்டும் என்றபோது, "ராத்திரி முழிக்கிறதுதானே, நான் முழிக்கிறேன்" என்று முன்னால் வந்து நின்றார். அன்றைக்கு முழித்தவர்தான்.

காவல் என்றால் கம்பை ஊன்றி உட்கார்ந்திருப்பது இல்லை. பச்சை ஏலக்காயைச் சூட்டறையில் பரப்பி, வெளியே அடுப்பில் விறகு தள்ளி, சூடு கூடாமலும் குறையாமலும் விடிகிறவரை பார்த்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் கண் சொக்கினால் காய் கருகும். இன்னும் கொஞ்சம் சொக்கினால் கட்டடமே எரியும். போன வருசம் பக்கத்து மலையில் ஒரு காவல்காரன் தூங்கிப்போய் ஸ்டோர் சாம்பலானது. அதிலிருந்து ஒரே சட்டம்: காவலில் தூங்கியது தெரிந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்கள். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன்வீடும் போகும். கோம்பையில் சுருளியாண்டிக்கு ஒதுங்க ஒரு கூரை கிடையாது. அவர் பெண்சாதி பஞ்சம்மாளுக்கோ முழங்கால் வீங்கி, நாலு எட்டு வைத்தால் உட்கார வேண்டும். இந்த வயதில் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மலையிறங்குவது என்பதை அவரால் நினைத்தே பார்க்க முடியாது. அதனால்தான் தூக்கம் என்ற பேச்சை எடுத்தாலே மனுசனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

1947 கார்த்திகை மாசம் அந்த ஸ்டோருக்கு ஒரு ரேடியோ வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் அய்யாத்துரை. கம்பத்துக்காரர், முப்பது வயது இருக்காது. சண்டையில் பர்மாப் பக்கம் வயர்லெஸ் பார்த்துவிட்டு வந்து, தேயிலை பாக்டரியில் மோட்டாரும் கரண்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மிலிட்டரி கழித்துவிட்ட ஒரு செட்டை எங்கேயோ பிடித்து, அதைப் பிள்ளை மாதிரி இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். பாக்டரியில் மோட்டார் இரைச்சல் காதைக் குடைகிறது; ஸ்டோர் இருக்கிற மேட்டில்தான் சத்தம் கிடையாது என்று, ஸ்டோரை ஒட்டிய சாக்கு அறையில் குடியேறிவிட்டார். வெளியே இருந்த பலா மரத்துக்கும் கூரைக்கும் கம்பி இழுத்துக் கட்டினார்.

"அண்ணே, வானத்துல நட்சத்திரம் விழுதுல்ல, அதை இந்தப் பெட்டி கேக்கும்" என்றார்.

சுருளியாண்டி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பட்டாளத்துக்குப் போய் வந்தவர்களில் சில பேருக்குத் தலையில் ஏதாவது ஆகிவிடுகிறது என்று கேள்விப்பட்டிருந்தார். "விழுறதைப் பாக்கத்தான் முடியும் சார். அதென்ன தேங்காயா, விழுற சத்தம் கேக்க?"

அய்யாத்துரை சிரித்துவிட்டு விளக்கினார். ரொம்ப தூரத்தில் ஒரு ரேடியோ ஸ்டேஷன் இருக்கிறது. பகலில் நன்றாகக் கேட்கும், இருட்டினால் அடங்கிப்போகும். ஆனால் நட்சத்திரம் ஒன்று எரிந்து விழுந்தால், அது போன தடம் வானத்தில் ஒரு கணம் கண்ணுக்குத் தெரியாத கோடாக நிற்கும். அந்தத் தூரத்து ஸ்டேஷனின் அலை அதில் பட்டு இங்கே வந்து விழும். அடங்கிப்போன ஸ்டேஷன் ஒரு நொடி 'ஊய்ங்' என்று விசில் அடித்துவிட்டு மறுபடி அடங்கும். இந்த மாசம் நட்சத்திரம் நிறைய விழும். கண்ணால் எண்ணுவது எவ்வளவு, காதால் எண்ணுவது எவ்வளவு என்று ஒப்பிட்டு, பெங்களூரில் அவருக்குத் தெரிந்த வயர்லெஸ்காரர்களுக்கு எழுதிப் போட வேண்டும். அதற்கு ராத்திரி முழுக்கத் தூங்காத ஒரு ஜோடிக் கண் வேண்டும்.

"ஒங்களை விட்டா இந்த மலையில ஆர் இருக்காக?" என்றார். சுருளியாண்டி உச்சி குளிர்ந்துபோனார். ஏற்பாடு இதுதான்: அடுப்புக்கு விறகு தள்ளுகிற நேரம் போக, அவர் ஸ்டோர் வாசலில் வானத்தைப் பார்த்தபடி உட்கார வேண்டும். நட்சத்திரம் விழுந்தால் ஒரு தகரத்தில் ஒரு தட்டு. உள்ளே அய்யாத்துரை காதில் கருவியை மாட்டிக்கொண்டு, தட்டுக் கேட்டால் காகிதத்தின் இடது பக்கம் ஒரு கோடு, விசில் கேட்டால் வலது பக்கம் ஒரு கோடு, பக்கத்தில் செகண்டு வரை மணி.

முதல் நாள் ராத்திரி மேகம் இறங்கி, எதிரே இருக்கிற பலா மரமே தெரியவில்லை. சுருளியாண்டி தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். விடியப்போகும்போது எழுந்து உள்ளே போய், "இன்னைக்குப் பொழுது வீணாப்போச்சே சார்" என்றார். அய்யாத்துரை காகிதத்தைக் காட்டினார். இடது பக்கம் துடைத்துவிட்டது போல இருந்தது. வலது பக்கம் நாற்பத்தி மூன்று கோடு.

சுருளியாண்டிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "வானமே தெரியலையே! எதை எண்ணுனீக?"

"மேகத்துக்கு மேல விழுந்ததை" என்று சொல்லி, அய்யாத்துரை கருவியை அவர் காதில் மாட்டிவிட்டார். இரைச்சல். மழை தகரத்தில் பெய்கிற மாதிரி இரைச்சல். சட்டென்று அதற்குள்ளிருந்து ஒரு விசில் கிளம்பி, கீழே இறங்கி, அறுந்தது. சுருளியாண்டி கருவியைப் பிடுங்கி எறியாத குறைதான். ஜன்னலைப் பார்த்தார். கிழக்கே வெளுத்து, ஆள் முகம் தெரிகிற வெளிச்சம் வந்துவிட்டது. மறுபடி ஒரு விசில்.

"விடிஞ்சும் விழுதா?"

"அது எந்நேரமும் விழும் அண்ணே. பகல்லயும் விழும். வெளிச்சத்துல நம்ம கண்ணுக்குத் தெரியாது, அம்புட்டுத்தான்."

வீட்டுக்கு வந்த மனுசன் கஞ்சியைத் தொடவில்லை. பஞ்சம்மாள் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, "இந்தாருங்க, பேயறைஞ்ச மாதிரி இருக்கீகளே, என்னாச்சு?" என்று உலுக்கினாள். "பகல்ல நட்சத்திரம் விழுதாம் பஞ்சு. நம்ம தலைக்கு மேல. நான் படுத்துத் தூங்குற நேரத்துல" என்றார். இருபத்திரண்டு வருசமாகத் தான் முழித்திருந்து பார்த்ததுதான் வானம் என்று இருந்தவருக்கு, பாதி வானம் தனக்குத் தெரியாமலே நடந்துகொண்டிருந்தது என்றால் சோறு இறங்குமா?

மறுநாள் வானம் பளிச்சென்று திறந்துகொண்டது. தட்டு முப்பத்தொன்று, விசில் இருபத்தாறு. ஒரே நேரத்தில் வந்தது பதினேழுதான். சுருளியாண்டி பார்த்த சிலது பெட்டிக்குக் கேட்கவில்லை. பெட்டி கேட்ட சிலது சுருளியாண்டிக்குத் தெரியவில்லை. "நாங்க ரெண்டு பேரும் ஒரே வானத்தைத்தானே பாக்குறோம்?" என்று அவர் குழம்பினார். அப்படித்தான் இருக்கும், கோடு நிற்கிற சாய்வு சரியாக இருந்தால்தான் பெட்டிக்குக் கேட்கும், பெட்டிக்குக் கேட்கிற பொடிசு எல்லாம் கண்ணுக்குத் தெரியாது என்று அய்யாத்துரை சொன்னார். அது சுருளியாண்டிக்குப் பிடித்திருந்தது. பெட்டியும் சிலதை விடுகிறது அல்லவா!

மூன்றாம் நாள்தான் வந்தது வினை. அன்றைக்கு விழுந்தது போல அவர் ஆயுசில் பார்த்ததில்லை. நடுவானத்திலிருந்து நாலா பக்கமும் சீறிக்கொண்டு ஓடின. வெள்ளையாக, மஞ்சளாக, ஒன்று பச்சையாகக்கூட. அவர் கையில் இருந்த குச்சி ஓயவில்லை. விடிந்ததும் எழுந்து, "எப்படி சார் நம்ம வேலை?" என்று பெருமையாகக் கேட்டார். அய்யாத்துரை காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல், "ம், பாக்கணும் அண்ணே" என்றார். அந்தக் குரல் சரியில்லை.

மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்தவரை ஆபீசுக்குக் கூப்பிட்டு ஆள் வந்தது. தோட்டத்துத் துரை சீமைக்குப் போயிருந்ததால் எல்லாம் ஹெட் கிளார்க் நல்லகண்ணு வைத்ததுதான் சட்டம். மேசை மேல், பெங்களூருக்குத் தபாலில் போட அய்யாத்துரை கொடுத்திருந்த காகிதம் கிடந்தது. பக்கத்தில் அய்யாத்துரை, முகம் செத்துப்போய் நின்றார்.

"ஏலே சுருளி, ராத்திரி தூங்குனியா?" என்றார் நல்லகண்ணு.

"அய்யா?"

"வயர்லெஸ் சாரு எழுதியிருக்காரு, வாசிக்கிறேன் கேளு. 'காவல்காரர் ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் சுமார் இருபது செகண்டு கண்ணசந்துவிடுகிறார். அந்த நேரத்தில் பெரிய விசில் வந்தாலும் தட்டு வருவதில்லை. மேகமில்லாத இரண்டு ராத்திரியும் அப்படியே.' ராத்திரி முச்சூடும் தட்டுக்குத் தட்டு தூங்கியிருக்க. இருபத்திரண்டு வருசமா தூங்காத ஆளுன்னு ஊரை ஏமாத்திட்டியேடா! ஸ்டோர் எரிஞ்சா ஆர் பதில் சொல்றது, நானா?"

தலையில் இடி விழுந்தாற்போல் நின்றார் சுருளியாண்டி. அய்யாத்துரையைப் பார்த்து, "சார், நான் தூங்குறதை நீங்க பாத்தீகளா?" என்று மட்டும் கேட்டார்.

"பாக்கல அண்ணே. நான் உள்ளதானே இருந்தேன். விசிலும் தட்டும் எழுதி வச்ச மணியைப் பாத்து எழுதுனேன். ஒங்க வேலைக்கு ஆபத்து வரும்னு சத்தியமா நெனைக்கல. கணக்கு அப்படித்தான் சொல்லுது."

நல்லகண்ணு கையை நீட்டினார். இடுப்புக் கயிற்றிலிருந்து ஸ்டோர்ச் சாவியை அவிழ்த்துக் கொடுத்தார் சுருளியாண்டி. சனிக்கிழமைக்குள் வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள்.

வழியெல்லாம் அவருக்கு ஒரே யோசனை. பொய் சொல்லப் பெட்டிக்கு என்ன தலையெழுத்து? அதற்குச் சுருளியாண்டி மேல் என்ன பகை? அப்படியானால் நிஜமாகவே நான் தூங்குகிறேனோ? உட்கார்ந்தபடியே, கண்ணைத் திறந்தபடியே, எனக்கே தெரியாமல்? இந்த நினைப்பு வந்ததும் வேலை போனதைவிட அதிகமாகப் பயந்துபோனார். பாதையோரம் ஒரு கல்லில் உட்கார்ந்து தன் தொடையைத் தானே கிள்ளிப் பார்த்தார்.

பஞ்சம்மாளிடம் சொன்னபோது அவள் அழுவாள் என்று நினைத்தார். அவள் எகிறிவிட்டாள். "என்ன கூத்துய்யா இது! தூங்குற மனுசன் தகரத்தைத் தட்டுவாரா? தட்டுக்குத் தட்டு தூங்கி எந்திரிக்க நீங்க என்ன கோழியா? அடுப்பு அணைஞ்சுச்சா? காய் கருகுச்சா? அதைக் கேட்டீகளா அந்தாள்ட்ட? வாயைப் பொத்திக்கிட்டுச் சாவியைக் கொடுத்திட்டு வந்தீகளாக்கும்! போங்க. போயி, நீங்களே வந்து பக்கத்துல ஒக்காந்து பாருங்கன்னு சொல்லுங்க. தூங்குனா நானே மூட்டையைக் கட்டுறேன்."

அதையே ஆபீசில் போய்ச் சொன்னார். அய்யாத்துரையும் கூடவே, "அதுதான் சரி, நானும் கண்ணால பாக்காம எழுதினது தப்பு" என்று ஒட்டிக்கொண்டார். நல்லகண்ணு, ஒரு ராத்திரிதானே, உன் வாயை அடைத்த மாதிரியும் இருக்கும் என்று ஒத்துக்கொண்டார்.

அன்று ராத்திரி பத்து மணிக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, நாற்காலி போட்டு, சுருளியாண்டிக்கு ஒரு முழம் தள்ளி நல்லகண்ணு உட்கார்ந்தார். அவருக்கு இப்படி வெளியில் உட்கார்ந்து பழக்கம் இல்லை. ஆபீசில் விளக்கு, வீட்டில் விளக்கு. அய்யாத்துரை அறைக் கதவைத் திறந்தே வைத்து, உள்ளே கருவியை மாட்டிக்கொண்டார். பலா மரத்துக் கிளையில் காவல் விளக்கு எப்போதும் போலத் தொங்கியது. மேகம் இல்லை. குளிர் காதைக் கடித்தது. சுருளியாண்டி குச்சியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இமையைக்கூடத் தட்டாமல் மேலே பார்த்தார். தூங்கக் கூடாது, தூங்கக் கூடாது என்று உள்ளுக்குள்ளே சொல்லிக்கொண்டே இருந்தார்.

தலைக்கு நேர் மேலே ஒன்று கிழித்துக்கொண்டு போனது. மலையே ஒரு கணம் வெளுத்தது. சுருளியாண்டி தகரத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

உள்ளே இருந்து அய்யாத்துரை கத்தினார்: "இன்னொண்ணு! அண்ணே, இன்னொண்ணு விழுந்திருச்சு! இந்தா, மூணாவது! பெரிய விசில்! தட்டுங்க அண்ணே! கிளார்க் அய்யா, தூங்குறாரா பாருங்க!"

தட்டும் வரவில்லை, பதிலும் வரவில்லை. அய்யாத்துரை கருவியைக் கழற்றி எறிந்துவிட்டு வாசலுக்கு ஓடிவந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

இரண்டு பேரும் முழுசாக முழித்துக்கொண்டுதான் இருந்தார்கள். இரண்டு பேரும் வானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி, விளக்கு வெளிச்சத்தில் தெரிந்த பலா இலையை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் உதடும் அசைந்துகொண்டிருந்தது. அவர்கள் முதுகுக்குப் பின்னால் இன்னொன்று, வாலோடு, சுருளி மலைப் பக்கம் இறங்கிப்போனது.

நல்லகண்ணு உதட்டை அசைத்துக்கொண்டிருப்பதைச் சுருளியாண்டி அப்போதுதான் பார்த்தார். 'இவர் எதற்கு மரத்தைப் பார்க்கிறார்?' என்று நினைத்தார். அப்புறம், தானும் மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு உறைத்தது. கையிலிருந்த குச்சி நழுவி விழுந்தது.

நட்சத்திரம் விழுவதைப் பார்த்தால் மறதி வந்துவிடும், உடனே பச்சையைப் பார்க்க வேண்டும், பார்த்துக்கொண்டே, செத்துப்போனவர்களில் மறக்கக் கூடாதவர்கள் பேரைச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. தும்மல் வந்தால் மூக்கைப் பொத்துகிற மாதிரி, கழுத்து தானாகத் திரும்பும், வாய் தானாகச் சொல்லும். செய்கிறோம் என்றே தெரியாது. தெரிந்திருந்தால் சுருளியாண்டி பாதையோரம் அப்படித் தொடையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா?

"அய்யய்யோ" என்று தலையில் கையை வைத்துக்கொண்டார் அய்யாத்துரை. "கம்பத்துல பொறந்தவன் நான்! எங்க வீட்டுலயும் இதைத்தானே செய்வாக! காதுல கருவியை மாட்டிக்கிட்டு உள்ள ஒக்காந்ததுல சுத்தமா மறந்துபோனேனே! தூங்குறார்னு எழுதிட்டேனே!"

நல்லகண்ணு எழுந்து நின்றார். விளக்கு வெளிச்சத்தில் அவர் கண் நிறைந்திருந்தது தெரிந்தது. அவர் சொல்லிக்கொண்டிருந்தது ஒரே பேர்தான்: முத்துப்பேச்சி. அந்த அம்மாள் அவர் பெண்சாதி; செத்து ஒன்றரை வருசம் ஆகிறது. ஆபீசில் அந்தப் பேரை அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. பையிலிருந்து சாவியை எடுத்துச் சுருளியாண்டி கையில் திணித்து, "அடுப்பைப் பாரு, சூடு எறங்குது" என்று அதட்டிவிட்டு, நாற்காலியைக்கூட எடுக்காமல் இறங்கிப் போய்விட்டார்.

அடுப்புக்கு விறகு தள்ளிவிட்டு வந்த சுருளியாண்டியை அய்யாத்துரை விடவில்லை. தப்பாக எழுதியதை அடித்துவிட்டுச் சரியாக எழுத வேண்டும், அதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிய வேண்டும். கைக்கடிகாரத்தை விளக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, "இப்ப ஒண்ணு விழுந்ததுன்னு வச்சுக்குங்க. எப்பவும் சொல்ற மாதிரியே சொல்லுங்க அண்ணே" என்றார்.

சுருளியாண்டி மரத்தைப் பார்த்துத் திரும்பினார். சத்தமாகச் சொல்லிப் பழக்கம் இல்லாததால் குரல் பிசிறியது.

"அய்யா பலவேசம். ஆத்தா ராக்கம்மா. அண்ணன் ஒச்சாண்டி. தங்கச்சி சந்தனம். மகன் வீரணன். மக ராமுத்தாய்."

நிறுத்தினார். ஆனால் திரும்பவில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக வானத்துப் பக்கம் கழுத்தைத் திருப்பினார். சரியாக இருபது செகண்டு. அய்யாத்துரைக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டு ராத்திரியும் காகிதத்தில் தட்டுக்குத் தட்டு இருந்த ஓட்டை அப்படியே அதே அளவு.

"கடைசியில பேர் ஒண்ணும் சொல்லாம சும்மா பாத்தீகளே, அது என்ன அண்ணே?"

"அது கடைசிப் புள்ளை சார், பொறந்து மூணாம் நாளு போயிருச்சு. பேரு வைக்கல. பேரு இல்லாததை எப்படிச் சொல்றது? அதான் செத்த நேரம் சும்மா பாக்குறது."

அய்யாத்துரை குனிந்து காகிதத்தில் ஏதோ எழுதினார். எழுதிவிட்டு, படித்த மனுசனின் புத்தி, ஒரு காரியத்தை எப்படியாவது சரிபண்ணிவிட வேண்டும் என்று இருக்குமே, அந்தப் புத்தியில் கேட்டுவிட்டார்: "நாளைக்குக் கொஞ்சம் சுருக்கிச் சொன்னா என்ன அண்ணே? ஒண்ணு ரெண்டை விட்டுட்டீகன்னா, பாதிக்குமேல புடிச்சிரலாம்."

சுருளியாண்டி கோபப்படவில்லை. குச்சியைத் தேடி எடுத்துக்கொண்டு, நிஜமாகவே விவரம் கேட்கிற மாதிரி அவர் முகத்தைப் பார்த்தார்.

"எதை விடச் சொல்றீக சார்?"